குளிர் கூடும்போது ஏன் தண்ணீரைக் குறைக்கிறார்கள்?

ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தக் கேள்வி யாராவது ஒருவர் வாயால் திரும்பி வரும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வீடுகள் பெரும்பாலும் மின்சாரத்தில்தான் சூடாகின்றன. வெளியே மைனஸ் 25 என்றால் மாகாணம் முழுக்க எல்லா ஹீற்றரும் ஒரே நேரத்தில் ஓடும். 2023 பெப்ரவரித் தொடக்கத்துக் கடுங்குளிரில் மாகாணத்தின் மின்தேவை 42,000 மெகாவாட்டைத் தாண்டியது. இந்த மின்சாரம் ஏறக்குறைய எல்லாமே ஆற்றுத் தண்ணீரிலிருந்து வருகிறது. அப்படியிருக்க, குளிர் பிடிக்கத் தொடங்கும் அதே நாட்களில் செயின்ட் லோறன்ஸ் ஆற்றில் தண்ணீரைக் குறைத்து விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் யாருக்கும் அது தலைகீழாகத்தான் படும். எனக்கும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் நான் வேலைக்குப் போகிற வழி 30ஆம் நெடுஞ்சாலையில், அந்த ஆற்றின் தண்ணீரைப் போஹார்னுவா மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிற கால்வாய்க்கு மேலால்தான் போகிறது. அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் அந்தப் பாலத்தைக் கடக்க முடியாது.

கேள்வியை விடாமல் கேட்டவர் எங்கள் வட்டத்தில் இருக்கிற ஒரு ஐயா. இளவயதில் இலங்கையில் லக்சபான மின்நிலையத்தில் வேலை செய்தவர். மலையிலிருந்து குழாய் வழியே சில நூறு மீட்டர் கீழே பாய்கிற தண்ணீரோடு பழகிய மனிதர். அவருக்கு நீர்மின்சாரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. "தம்பி, குளிருக்குள்ள கரண்ட் வேணும் எண்டா தண்ணியைக் கூட்ட வேணும். இவங்கள் குறைக்கிறது என்ன கணக்கு?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீரோடு கேட்டார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அன்றைக்கு அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்வியும், அதற்கு ஊரில் உலாவுகிற சுலபமான பதில்களும்தான். விலையை ஏற்றுவதற்காகத் தண்ணீரை மறிக்கிறார்கள் என்பார் ஒருவர். கப்பலுக்காக என்பார் இன்னொருவர். கப்பல் பாதையே ஜனவரி தொடங்கி மார்ச் வரை மூடிக்கிடக்கிறது, ஆனாலும் சொல்வார்கள். உண்மையான பதில் இவை எல்லாவற்றையும் விட அழகானது. அது சரியாகச் சொல்லப்படவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

உயரம் குறைவு, தண்ணீர் அதிகம்

முதலில் இந்த நிலையத்தின் தன்மையைப் பார்க்க வேண்டும். போஹார்னுவாவில் தண்ணீர் விழுகிற உயரம் ஏறத்தாழ 24 மீட்டர்தான். லக்சபானவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் 1932 முதல் ஓடுகிற இந்த நிலையத்துக்கு ஒரு பெரிய ஆற்றின் பெரும்பகுதியே ஒரு கால்வாய் வழியாக வந்து சேர்கிறது. கால்வாயின் நீளம் சுமார் 25 கிலோமீட்டர், அகலம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். மின்நிலையக் கட்டடமே 800 மீட்டருக்கு மேல் நீளம். உயரம் குறைவாக இருப்பதால் மின்சாரத்தின் அளவைத் தீர்மானிப்பது தண்ணீரின் பருமன்தான். வினாடிக்கு ஆயிரக்கணக்கான கன மீட்டர் தண்ணீர் அகலமான, ஆழமில்லாத ஒரு வழியில் திறந்த வானத்துக்குக் கீழே போகிறது. குளிர் கைவைக்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

மலைநாட்டு நீர்த்தேக்கத்தில் பழகியவர்களுக்கு இந்த இடம்தான் புதிது. ஆழமான ஏரியில் தண்ணீர் 4 பாகையில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் அதற்கும் கீழே குளிர்ந்த தண்ணீர் மேலேயே தங்கி, மேற்பரப்பில் மட்டும் உறைகிறது. கீழே இருப்பது திரவமாகவே கிடக்கும், டர்பைனுக்கு வழி விடும். ஓடுகிற ஆற்றில் அப்படி அடுக்கடுக்காக நிற்க முடியாது. சுழல் எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. மேலிருந்து அடிவரை முழு ஆறும் ஒரே நேரத்தில் பூச்சியத்துக்கு வந்துவிடும். வானம் தெளிந்து காற்று வீசுகிற இரவில், மூடாத ஆறு பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். அதிகம் இல்லை, ஒரு பாகையில் நூறில் சில பங்குதான். அந்தச் சிறிய இறக்கத்தில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது.

தண்ணீருக்குள்ளேயே பிறக்கிற ஐஸ்

அந்த அளவு குளிர்ந்த தண்ணீரில், எந்த ஆழத்திலும், மிகச் சிறிய தட்டு வடிவப் பளிங்குகள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். இதை ஃபிராசில் என்பார்கள். பாலத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் தேங்காய்ப்பூவைக் கொட்டிக் கலக்கிய மாதிரி ஆறு சாம்பலும் வெள்ளையுமாக நகரும். பார்க்க மென்மையாகத்தான் தெரியும். ஆனால் உறையும் புள்ளிக்குக் கீழே இருக்கிற தண்ணீரில் இந்தப் பளிங்குகள் எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றோடொன்று ஒட்டும், ஆற்றடிக் கல்லில் ஒட்டும், முக்கியமாக இரும்பில் ஒட்டும். டர்பைனுக்குள் மரக்கட்டையும் குப்பையும் போகாமல் தடுக்க வாயிலில் இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது அல்லவா, அதில் முதலில் தண்ணீர் வந்து மோதுகிற பக்கத்தில் மெல்லிய படலமாகப் பிடிக்கும், பிறகு கம்பிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி நிரம்பும், ஒரே இரவில் சில மணி நேரத்துக்குள் வாயில் முழுவதும் அடைபட்டுப்போகலாம். வெளியே ஆறு நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே டர்பைன் பட்டினி கிடக்கும்.

இதை முதலில் கவனமாக அளந்தவர்களில் ஒருவர் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஹோவார்ட் பார்ன்ஸ். நூற்றிருபது வருடங்களுக்கு முன்பே இதே செயின்ட் லோறன்ஸ் ஆற்றில் மிக நுட்பமான வெப்பமானிகளை இறக்கி அவர் பார்த்தது என்னவென்றால், ஃபிராசில் பிறக்கும்போதும் அது கரையும்போதும் தண்ணீரின் வெப்பநிலை வேறுபாடு ஒரு பாகையில் ஆயிரத்தில் சில பங்குதான் என்பதை. அதிலிருந்து ஒரு நடைமுறை முடிவும் வந்தது: ஆற்றைச் சூடாக்கத் தேவையில்லை, கம்பித் தடுப்பை உறையும் புள்ளிக்குக் கொஞ்சம் மேலே வைத்திருந்தாலே ஒட்டாது. இவ்வளவு பெரிய ஆற்றையும் இவ்வளவு சின்ன வித்தியாசத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்த அந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே மரியாதை வருகிறது. விறைக்கிற கைகளோடு ஆற்றங்கரையில் நின்று ஆயிரத்தில் ஒரு பங்கு பாகையை அளப்பது லேசான வேலை இல்லை.

ஆனால் கம்பியைச் சூடாக்குவது வாயிலுக்குத்தான் மருந்து. 25 கிலோமீட்டர் கால்வாய்க்கு அது போதாது. அங்கே ஃபிராசில் இன்னொரு விதமாகக் கெடுதல் செய்யும். எங்காவது மேலே ஒரு பனித்தட்டு நின்றால், பின்னால் வருகிற ஃபிராசில் அதன் கீழே இழுபட்டுப் போய், அடியில் குவியலாகத் தொங்கும். மேலே பார்த்தால் சமதரையான வெள்ளை. கீழே ஆற்றின் வழி பாதியாகக் குறைந்திருக்கும். பின்னால் தண்ணீர் ஏறும், முன்னால் நிலையத்தில் இறங்கும்.

ஆறு தன்னை மூடிக்கொள்கிற நாட்கள்

எனக்கு விஷயம் பிடிபட்டது ஒரு ஜனவரி வாரத்தில். திங்களன்று பாலத்தில் போகும்போது கால்வாய் முழுக்க அந்தச் சாம்பல் கலவை ஓடிக்கொண்டிருந்தது. ஆங்காங்கே வட்டத் தட்டுகள், விளிம்பு தடித்தவை, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. கால்வாய்க்குக் குறுக்கே போட்டிருக்கிற மிதவைத் தடுப்பில் அவை வந்து முட்டி நிற்கத் தொடங்கியிருந்தன. அந்த வாரம்தான் மேலே அணையில் தண்ணீரைக் குறைத்திருப்பதாகச் செய்தி. அடுத்தடுத்த நாட்களில் வெள்ளை விளிம்பு மிதவையிலிருந்து மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போனது. வார இறுதியில் கால்வாய் அசையாமல் கிடந்தது. அதற்கு அப்புறம் தண்ணீரை மறுபடி கூட்டினார்கள். குளிரும் குறையவில்லை, நிலையமும் நிற்கவில்லை, ஃபிராசிலும் இல்லை.

இதில் இருக்கிற தந்திரம் இதுதான். தண்ணீர் வேகமாக ஓடினால், மிதந்து வருகிற தட்டு முட்டிய இடத்தில் கவிழ்ந்து கீழே போய்விடும், அடியில் அடைக்கும். மெதுவாக ஓடினால், வினாடிக்கு சுமார் 60, 70 சென்ரிமீட்டருக்குள் இருந்தால், தட்டு தட்டாக மேலேயே ஒட்டி நின்று, விளிம்போடு விளிம்பு பொருந்தி உறையும். அப்படி உருவான மூடி மெல்லியது, வழுவழுப்பானது, கீழே வழி திறந்திருக்கும். மூடி வந்த பிறகு குளிர்காற்று தண்ணீரைத் தொட முடியாது. தொட முடியாவிட்டால் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே இறங்காது, இறங்காவிட்டால் ஃபிராசில் பிறக்காது. நாம் பயப்படுகிற ஐஸ்தான் அந்த ஐஸிலிருந்து நிலையத்தைக் காக்கிறது. ஆற்றுக்குத் தன்னை ஒழுங்காக மூடிக்கொள்ளச் சில நாட்கள் அமைதி வேண்டும், அவ்வளவுதான். அந்த அமைதியை அணையிலிருந்து கொடுக்கிறார்கள்.

இது யாரோ ஒருவருடைய அன்றைய மனநிலைக்கு விட்ட விஷயமும் இல்லை. ஒன்ராறியோ ஏரியிலிருந்து செயின்ட் லோறன்ஸ் ஆறாக வெளியேறும் தண்ணீரைக் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்த சர்வதேசக் கூட்டு ஆணைக்குழுவின் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. கோர்ன்வோலுக்கும் மசினாவுக்கும் இடையே 1958இல் எழும்பிய மோசஸ்-சாண்டர்ஸ் அணையில் அது நடைமுறைக்கு வருகிறது. பனிமூடி உருவாகும் நாட்களில் வெளியேற்றம் வினாடிக்கு 6,230 கன மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. சாதாரணமாக ஓடுவது சுமார் 7,000. ஏரி நிரம்பி வழிந்த 2019 கோடையில் அது 10,400க்குப் போனது.

ஐயாவின் காகிதக் கணக்கு

இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் உடனே ஒரு காகிதத்தை எடுத்தார். அவருடைய பழக்கம் அது, கதையை விடக் கணக்கை நம்புவார். "சரி, வினாடிக்கு ஆயிரம் கன மீட்டர் குறைக்கிறாங்கள் எண்டு வைப்பம்" என்றார். 24 மீட்டர் உயரம், 9.81, பொறியின் திறன் 90 வீதம். பெருக்கினால் ஏறத்தாழ 210 மெகாவாட். அதை 42,000க்குப் பக்கத்தில் எழுதினார். அரை வீதம். சில நாட்களுக்கு அரை வீதம், அதுவும் பெரும்பாலும் மிகக் கடுங்குளிர் வருவதற்கு முந்தைய நாட்களில்.

மற்றப் பக்கத்தையும் போட்டார். மூடி கரடுமுரடாக உருவாகி, கால்வாயில் உராய்வால் ஒரு மீட்டர் உயரம் வீணாகிறது என்று வைத்தால், 24இல் ஒன்று, அதாவது நாலு வீதம் மின்சாரம் வசந்தம் வரை ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டே இருக்கும். நல்ல வழுவழுப்பான மூடி கூட இலவசம் இல்லை. முன்பு அடியிலும் கரையிலும் மட்டும் உரசிய தண்ணீர் இப்போது மேலேயும் உரசுகிறது. மூடியும் ஆற்றின் அடியைப் போலவே கரடாக இருந்தால், அதே அளவு தண்ணீர் போக முப்பது வீதம் அதிக ஆழம் தேவைப்படும். முடிந்தவரை வழுவழுப்பாக மூடவைப்பதற்கு இவ்வளவு பாடுபடுவதன் காரணம் இதுதான்.

அப்புறம் ஏரியின் பக்கம். ஒன்ராறியோ ஏரியின் பரப்பு சுமார் 19,000 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு சென்ரிமீட்டர் என்றால் 19 கோடி கன மீட்டர். வினாடிக்கு ஆயிரம் கன மீட்டரை ஒரு வாரம் முழுக்க நிறுத்தி வைத்தால் ஏரி மூன்று சென்ரிமீட்டருக்குச் சற்று மேல் ஏறும். மூடி வந்த பிறகு வெளியேற்றத்தைக் கூட்டி அதை எடுத்துவிடலாம். ஆனால் கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீரை எவ்வளவு விடலாம் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது, ஐஸ்தான் தீர்மானிக்கும், வாரக்கணக்கில். ஐயா பேனாவை மூடிவிட்டு, "அப்ப இது குறைக்கிறேல்லை, முன்கூட்டியே கட்டுற காசு" என்றார். இந்த மூன்று சென்ரிமீட்டர் கணக்கைத்தான் ஜனவரி மாத அறிவித்தல் ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் போடவேண்டும் என்று நினைக்கிறேன். ஏரிக்கரையில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு "பனி முகாமைத்துவம்" என்ற சொல்லால் எந்தப் பயனும் இல்லை. அவர்களுக்குத் தேவை சென்ரிமீட்டர்.

ஐஸை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நயாகரா சாட்சி. 1938 ஜனவரியில் ஈரி ஏரியிலிருந்து புயல்காற்று தள்ளிவிட்ட பனிக்கட்டி அருவிக்குக் கீழே பள்ளத்தாக்கில் குவிந்து, தேனிலவுப் பாலம் என்று அழைக்கப்பட்ட இரும்புப் பாலத்தின் அடித்தளத்தை நெரித்தது. 27ஆம் தேதி பாலம் விழுந்தது. கரையோரமாகக் கீழே இருந்த மின்நிலையத்துக்குள்ளும் ஐஸும் தண்ணீரும் புகுந்தன. 1964 முதல் ஈரி ஏரியின் வாயிலில் 2.7 கிலோமீட்டர் நீள மிதவைத் தடுப்பு போடுகிறார்கள். பஃபலோவில் தண்ணீர் 4 பாகைக்கு இறங்கினால், அல்லது டிசம்பர் 16 வந்தால், எது முதலோ அன்றிலிருந்து வேலை தொடங்கலாம். மொன்றியல்காரர்கள் கோடையில் சைக்கிள் ஓடுகிற சம்ப்ளெயின் பாலத்துப் பக்கத்து எஸ்தக்காட் என்கிற நீண்ட தடுப்பு கூட அறுபதுகளில், எக்ஸ்போ 67 உலகக் கண்காட்சிக்கு முன்பாக, ஐஸைப் பிடித்து நிறுத்தத்தான் கட்டப்பட்டது. பலர் அதைச் சைக்கிள் பாதை என்றே நினைக்கிறார்கள்.

எல்லா ஆற்றிலும் இது நல்லதாகவே முடிவதில்லை

இவ்வளவு ஆதரவாக எழுதிவிட்டு ஒன்றை விட்டுவிட்டால் நேர்மை இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பீஸ் ஆற்றின் மேல் 1968இல் முடிந்த பென்னெற் அணை, குளிர்காலத்தில் முன்பு இருந்ததைவிட அதிகத் தண்ணீரை விடுகிறது, மின்சாரம் அப்போதுதான் வேண்டும் என்பதால். ஆழமான தேக்கத்திலிருந்து வருவதால் அந்தத் தண்ணீர் பூச்சியத்துக்கு மேலேயே இருக்கும். அணைக்குக் கீழே நெடுந்தூரம் ஆறு உறைவதே இல்லை. சைபீரியாவில் கிராஸ்னயார்ஸ்க் அணைக்குக் கீழே யெனிசெய் ஆறும் அப்படித்தான், நகரத்தில் குளிர்காலம் முழுக்க திறந்த ஆற்றிலிருந்து மூடுபனி எழும்புகிறது. பீஸ் ஆற்றில் இழப்பு இன்னும் ஆழமானது. அதன் கடைசியில் இருக்கிற பீஸ்-அத்தபாஸ்கா கழிமுகத்தில், ஆற்றை விட உயரமான இடங்களில் ஏராளமான சிறு ஏரிகள் இருக்கின்றன. வசந்தத்தில் ஐஸ் உடைந்து அடைத்து, பின்னால் தண்ணீர் ஏறினால்தான் அவற்றுக்குத் தண்ணீர் போகும். அந்த வெள்ளம் இப்போது அரிதாகிவிட்டது. அந்த மண்ணில் தலைமுறைகளாக வேட்டையாடி மீன்பிடித்து வாழ்கிற மிக்கிசு கிரீ மக்கள் 2014இல் யுனெஸ்கோ வரை போய் முறையிட்டார்கள். எங்களுக்கு அனர்த்தமாகத் தெரிகிற பனி அடைப்பு அவர்களுடைய ஏரிகளுக்கு உயிர். போஹார்னுவாவில் மூடியை உருவாக்குகிற அறிவு அங்கே அந்த மக்களுடைய பேச்சைக் கேட்கவும் பயன்பட்டிருக்க வேண்டும், இன்னும் முழுமையாகப் பயன்படவில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஒரே முறையோடு உறைந்து நிற்காத குளிர்காலம்

இங்கேயும் எல்லாம் ஒழுங்காகப் போகும் என்று இருக்க முடியாது. இந்த முறை முழுவதும் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: குளிர்காலம் வரும், ஆறு ஒருமுறை மூடும், வசந்தம் வரை மூடியே இருக்கும். 2016 முடிந்து 2017 பிறந்த குளிர்காலத்தில் கால்வாய் மூடியது, வெப்பம் ஏறி உடைந்தது, மறுபடி மூடியது, மறுபடி உடைந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் குறைக்க வேண்டும், மூடியதும் கூட்ட வேண்டும். அந்த வசந்தத்தில் பெருமழையும் ஒட்டாவா ஆற்று வெள்ளமும் சேர்ந்து ஒன்ராறியோ ஏரியின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 75.88 மீட்டருக்கு ஏறியது. அதுவரை பதிவான எந்த அளவையும் விட உயரம். இரண்டே வருடத்தில் 75.92 ஆகி அதையும் தாண்டியது. ஜனவரியில் குறைத்ததால்தான் வெள்ளம் வந்தது என்று அப்போது பலர் சொன்னார்கள். மேலே ஐயா போட்ட கணக்கைப் பார்த்தால், ஒரு வாரத்துக்கு மூன்று சென்ரிமீட்டர் என்கிற அளவுக்கும் ஏப்ரல், மே மழைக்கும் உள்ள தூரம் தெரியும்.

ஆனாலும் அவர்களுடைய பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வெப்பமான ஜனவரியில் ஆறு திறந்து கிடந்தால் தண்ணீரை நிறைய விடலாம், ஏரிக்கு நல்லது. ஆனால் நிறைய விட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று மைனஸ் 20 வந்தால், வேகமாக ஓடுகிற திறந்த ஆறு ஃபிராசில் தொழிற்சாலையாகிவிடும். அதனால் குளிர் வருவதற்கு முன்பே, வானிலை முன்கணிப்பை மட்டும் நம்பிக் குறைக்க வேண்டும். முன்கணிப்பு பொய்த்தால் சில நாள் தண்ணீரை வீணாக மறித்ததாகும், குறைக்காமல் இருந்து குளிர் வந்தால் கால்வாய் அடைக்கும். முன்பு ஒரு குளிர்காலத்தில் ஒருமுறை எடுத்த இந்த முடிவை இனிப் பல முறை எடுக்க வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் ஏரிக்கரையில் இருப்பவருக்கும், கால்வாய்க்குக் கீழே ஹீற்றரைத் திருகுகிறவருக்கும் முன்கூட்டியே அந்தச் சென்ரிமீட்டரையும் மெகாவாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், தண்ணீரைக் குறைக்கிற அன்றே.